இடப்பக்கத்துப் பதக்கங்கள்

“ஏன்டி ஹெஸ்டர், பீரங்கி சுட்டது நீயா, உன் புருஷனா?” என்று பக்கத்து வீட்டு மேபல் ஒருமுறை கேட்டாள்.

போர்ட்ஸ்மவுத்தில் அன்று போர் நினைவு நாள் அணிவகுப்பு. பதக்கம் வென்றவர் அதை இடப்பக்க மார்பில் குத்திக்கொள்வார். இறந்துபோனவருடையது என்றால் வீட்டார் வலப்பக்கம் குத்திக்கொள்வார்கள். ஹெஸ்டர் தன் கணவனின் பதக்கங்களை வலப்பக்கம்தான் குத்தியிருந்தாள். குனிந்து பார்த்தால் நான்கு பதக்கங்களும் இடப்பக்கம் தொங்கின. மாற்றிக் குத்தினாள். மௌன அஞ்சலி முடிந்தபோது மறுபடி இடப்பக்கம் இருந்தன.

“வயசாயிடுச்சு, மேபல்.”

“வயசா? கொழுப்புடி உனக்கு!”

ஹெஸ்டரின் கணவன் சைலஸ் கடற்படையில் பீரங்கி வீரன். கப்பலுக்குக் கிளம்பும்போது விடைபெறவே மாட்டான். சொல்லிக்கொண்டு போனவன் திரும்பமாட்டான் என்பது மாலுமிகளின் பயம். ஒரே ஒரு முறை கதவருகே நின்று, “உடம்பப் பாத்துக்கோடி” என்றான். அந்தக் கப்பல் திரும்பவில்லை.

அணிவகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஹெஸ்டர் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவன் கோட்டின் இடப்பக்கத்தில் பதக்கங்களைக் குத்தினாள். அவை அசையவில்லை. பழக்கத்தில் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். பாலை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, சைலஸ் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எப்போதும்போல ஊதி ஊதிக் குடித்தான். அவன் எழுந்து தொப்பியை எடுத்தான். கதவருகே சற்று நின்றான். ஏதாவது சொல்லிவிடுவானோ என்று ஹெஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் நெஞ்சு குளிர, அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளம்பிப் போனான்.