வயிற்றுப் பக்கம் ஒரு கறுப்புக் கோடு

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் மறுபடி குனிந்தாள்.

ஒரு சாண் நீள விமானம். வெள்ளை உடல், நீலப் பட்டை, வாலில் அதே எண். அவள் கணவன் ரகுபதி கடைசியாக ஓட்டிய பயிற்சி விமானத்தின் மாதிரி.

செய்தவர் சென்னியப்பன். பயிற்சிப் பள்ளியில் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். ஓய்வுபெற்ற பிறகு இதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. சாருக்காக ஒன்று செய்திருக்கிறேன், வந்து பாருங்கள் என்று காலையில் போன் செய்திருந்தார்.

ரகுபதி விபத்தில் இறந்த பிறகு பதினோரு வருடம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவளுக்கு அதே யோசனைதான்.

பார்த்ததும் மனது இளகிவிட்டது. டயரில் செம்மண். புகைக்குழாய் ஓரம் கரி. இறக்கையில் கால் வைத்து ஏறும் இடத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது.

"சார் எப்பவும் குதிகாலைத் தேச்சுத்தானுங்மா ஏறுவாரு," என்றார், பிரஷ்ஷைக் கழுவியபடி. "நான் கண்ணுல பாத்த அழுக்கை மட்டுந்தான் வெப்பேனுங். அழகுக்குன்னு ஒரு புள்ளிகூட வெக்க மாட்டேன்."

அழுகை வரும்போல் இருந்தது. அதை மறைக்க விமானத்தைத் தூக்கித் திருப்பினாள்.

"பாத்துங்மா. அடியில இன்னும் ஈரம்."

எஞ்சின் மூடியின் கீழிருந்து வயிற்றோடு வால்வரை ஒரு கறுப்புக் கோடு.

"இது என்னங்க?"

"ஆயிலுங்மா. எஞ்சின்ல இருந்து ஒழுகி..."

பிரஷ் கழுவிய கை நின்றது.

விபத்து நடந்த அன்று காலை நானே எஞ்சினைப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அதை வைத்துத்தான் ரகுபதி தாழப் பறந்ததே விபத்துக்குக் காரணம் என்றார்கள். கூட இறந்த மாணவியின் தாய் இன்றைக்கும் இவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். இவளே சில நாள் அவன் போட்டோவைத் திருப்பி வைத்திருக்கிறாள்.

"இதை எப்பப் பாத்தீங்க?"

அவர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தார்.

அவர் கை தானாக அந்தக் கோட்டைப் போட்டுவிட்டதா? இல்லை, இதைக் காட்டத்தான் கூப்பிட்டாரா? அந்த முகத்தை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

சென்னியப்பன் பஞ்சை எடுத்துத் தின்னரில் நனைத்தார்.

"ஏதோ ஞாபகத்துல... தொடச்சுட்டுத் தர்றேனுங்மா."

அவள் விமானத்தைத் தலைகீழாகவே மேசையில் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இது காய எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு நாளாகுமுங்."

நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"ராத்திரிக்கு என்னைய எதிர்பாக்காத கண்ணு. நாளைக்கும் வர மாட்டேன்."