மூன்றாவது எலும்பின் குழிவு

பொன்னேரியில் ஒரு பல் மருத்துவமனையின் சின்ன அறை. கணினித் திரையில் பதினொரு வயது அஃப்ஸானாவின் தலையும் கழுத்தும் பக்கவாட்டில் தெரியும் எக்ஸ்ரே படம் வெளுத்து நிற்கிறது. உள்ளொடுங்கிய கீழ்த்தாடையைச் சரிசெய்யத் தங்கையைப் பழவேற்காட்டிலிருந்து அழைத்து வந்திருக்கும் ஜபீனுக்கு வயது இருபது. அவளுக்கும் அதே தாடைதான். டாக்டர் நந்தினி பேனா முனையால் படத்திலுள்ள கழுத்தெலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்குகிறார். வெளியே ரயில் கடக்க, மேசைமேல் தம்ளரில் தண்ணீர் மெல்ல நடுங்குகிறது. பேனா மூன்றாவது எலும்பில் நிற்கிறது. “இதோட அடிப்பக்கம் பாரும்மா, லேசா குழிய ஆரம்பிச்சிருக்கு. அப்படின்னா இவளுக்கு வளர்ச்சி இப்பதான் வேகமெடுக்குதுன்னு அர்த்தம். இந்த வருஷமே கிளிப் போட்டா தாடை முன்னாடி வளர்றதுக்கு நல்ல வாய்ப்பிருக்கு.” அஃப்ஸானா நாற்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். ஜபீன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறாள்: “எனக்கு இன்னா டாக்டர், இதே மாதிரி போட முடியுமா?” டாக்டர் பேனாவை மூடி வைக்கிறார். “உனக்கு வளர்ச்சி முடிஞ்சிருக்கும்மா. இனி ஆபரேஷன்தான்.” ஜபீனின் விரல்கள் துப்பட்டாவுக்குள் நுழைந்து, பின்கழுத்தை எலும்பு எலும்பாகத் தடவுகின்றன. யாரும் படமெடுத்துப் பார்க்காமலே அந்த எலும்புகள் குழிந்து முடிந்த வருஷம் எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. “அக்கா, வலிக்குமா?” என்கிறாள் தங்கை. “வலிச்சா என் கையப் புடிச்சிக்கினு உக்காரு,” என்று சொல்லிவிட்டு ஜபீன் டாக்டரிடம் திரும்புகிறாள். “இன்னிக்கே அளவு எடுத்துடுங்க டாக்டர். இன்னொரு நாள் வாணாம்.”