தோற்றுப்போன மருந்து

விஞ்ஞானிகள் ஓய்வு பெறும் நாளில் அவர்களுடைய உயிரெண்ணைச் சபையில் வாசிப்பது இப்போதெல்லாம் வழக்கம். ஒருவருடைய ஆய்வால் இன்று எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்ற எண் அது. முப்பத்தைந்து வருடம் புற்றுநோய் செல்களோடு மல்லுக்கட்டிய எஸ்தர் பொன்மலர் கூசிப்போய் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாயிரம் பேர் மேற்கோள் காட்டிய அவருடைய பெரிய கட்டுரை ஒருவரைக்கூடப் பிழைக்கவைக்கவில்லை.

"நானூற்றுப் பன்னிரண்டு!" என்றார் இயக்குநர்.

எஸ்தருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், வேற யாரோடதையோ வாசிச்சிட்டீங்க."

"உங்களோடதுதான் மேடம். ஒரு மருந்து கல்லீரலைக் கெடுக்கும், வேலைக்கு ஆகாதுன்னு எழுதினீங்களே, அந்தக் கட்டுரை."

"ஐயோ, அது தோத்துப்போன ஆராய்ச்சி! ஈ காக்காகூடத் திரும்பிப் பாக்கல. பயோடேட்டாவுலகூட நான் போடல."

"டாக்டருங்க பாத்திருக்காங்க. அந்த மருந்தைக் குடுக்காம விட்டிருக்காங்க."

"அப்போ அந்த நானூத்திப் பன்னெண்டு பேரு யாரு சார்?"

"அது அவங்களுக்கே தெரியாது. சாப்பிடாத மருந்துக்கு யாரு நன்றி சொல்லுவாங்க?"

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அதற்குள் மேடைத் திரையில் அவருடைய எண் நானூற்றுப் பதின்மூன்று ஆகியிருந்தது. எங்கோ ஒரு டாக்டர், எழுதிய மருந்துச் சீட்டை அடித்துத் திருத்தியிருக்கிறார்.