பின்பாதி ரயில்

"என் வீட்டுக்காரர் பின்பெட்டி டாய்லெட்டுக்குத்தாங்க போனாரு. அதுக்குள்ள கேக்கு வெட்டுற மாதிரி ரயிலை ரெண்டா வெட்டி அனுப்பிட்டீங்களே!" முன்பாதியிலிருந்து பதறி இறங்கிய மாரீன் என்னிடம் கத்தினார்.

"மைக்ல தொண்டை கிழியச் சொன்னேனேம்மா, முன்பாதி கடற்கரைக்கு, பின்பாதி வடக்கேன்னு."

நான் பிளாட்பார ஊழியன். எங்கள் சந்திப்பில் ரயிலைப் பிரிப்பது தினசரி வேலை. தப்பான பாதியில் மாட்டாதவர்கள் இந்த ஊரில் குறைவு. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடுவார்கள். அதைச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்போது அவர் கணவர் கிளைவ் போன் செய்தார். மாரீன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏண்டி அங்கயே நிக்கிற? வந்து ஏறு. உள்ளேர்ந்து கதவு திறக்க மாட்டேங்குது."

"எங்க இருக்கீங்க?"

"உனக்கு எதிர்லதான். டீ கொட்டுது பாரு, கையச் சுட்டுக்காத. கண்ணாடியத் தட்டுறேனே, கேக்கலையா?"

மாரீனின் கப்பிலிருந்து டீ வழிந்துகொண்டிருந்தது. முன்பாதியும் கிளம்பிப் போயிருந்தது; எதிரே வெறும் தண்டவாளம். புறாக்கள் நடந்துகொண்டிருந்தன.

மாலையில் பின்பாதி திரும்பி வந்தது. இருக்கையில் கிளைவின் கோட்டு மட்டும் இருந்தது. போலீஸ் வழிநெடுகத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

மாரீன் தினமும் அதே இடத்தில் வந்து நிற்கிறார். அங்கே நின்றால்தான் போன் வருகிறது.

நேற்று கிளைவ் சொன்னார்: "பக்கத்துல நிக்கிறவர்கிட்ட கேளுடி, இது எப்பக் கிளம்பும்னு. ரொம்பக் குளிருது."

மாரீன் என் முகத்தைப் பார்த்தார்.

நான் என்ன பதில் சொல்வது? ரயில்வேக்காரர்களோ வேறு யாரோ, தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். நாளைக்கும் போன் வரும்.