மடிக்கணினியின் குரல்

எமரன்சிக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை மடிக்கணினி வாசித்துச் சொல்ல, அதைக் கேட்டுக் கேட்டே மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்துவந்தாள். பழைய கணினிக்குத் தோதாக இருக்குமென்று அதை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினாள். அன்றோடு அதன் சத்தம் நின்றுபோனது. ஒலி தரும் சவுண்ட் கார்டை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை.

இணைய மன்றம் ஒன்றில் யாரோ எப்போதோ எழுதிவைத்திருந்த தீர்வைக் கைப்பேசி வாசித்துக் காட்டியது. கட்டளைகளை அடிக்க அவளால் முடியும். திரையில் என்ன வருகிறது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு முத்துக்கனியைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டுந்தாம்மா தெரியும். சேத்து வாசிக்க வராது."

"எழுத்து போதும்க்கா."

முத்துக்கனி திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எமரன்சி அடித்த கட்டளையில் ஓர் எழுத்து பிசகியிருந்தது அப்படித்தான் தெரிந்தது. அதற்குள் பால் தீயும் வாடை வந்தது.

"அக்கா, உங்க அடுப்புல..."

"கெடந்து தீயட்டும். நீ அடி."

திருத்திவிட்டு மறுபடி இயக்கியதும் மடிக்கணினி பேசிற்று. எமரன்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதே மன்றத்துக்குப் போய், எந்த ஊர் என்றே தெரியாத அந்த ஆளுக்கு ஆங்கிலத்தில் நன்றி எழுதினாள். கூடவே முத்துக்கனிக்கும் ஒரு வரி நன்றி எழுதி, மடிக்கணினியை வாசிக்கவிட்டாள்.

அடுப்பைப் பார்க்க எழுந்த முத்துக்கனி வாசலில் அப்படியே நின்றாள்.

"எம்பேரையா சொல்லுது? இன்னொருக்க சொல்லச் சொல்லு தாயி."