தீம் பார்க் ஒத்திகை

வாசலில் செருப்பைக் கழற்றிய கணவனுக்கு, மனைவி தன் அக்காவிடம் போனில் பேசுவது கேட்டது.

“தீம் பார்க் போறோம்க்கா. கூட்டமில்லாத நாளா, டிக்கெட் விலை குறையுற நாளாப் பார்த்து வச்சிருக்கேன். ஆனா ஒரு ஆளை வீட்டுலயே விட்டுட்டுப் போகணும். வரிசையில நிக்கப் பொறுமை கிடையாது. கத்தி ஊரைக் கூட்டி, என் மானத்தை வாங்கிடும்.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவளா இப்படிப் பேசுகிறாள்? கதவைப் படாரெனத் தள்ளினான்.

“ஆட்டிசம்னா அவன் நம்ம பிள்ளை இல்லையா? உனக்கே பாரமாயிட்டானா?”

வீடே அதிர்ந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கடைசியில் நின்று பழகிக்கொண்டிருந்த மகன், சத்தமில்லாமல் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான்.

மனைவி போனைக் கீழே வைத்தாள்.

“அவன் வரிசையில நிக்கப் பழகிட்டான்ங்க. விட்டுட்டுப் போறேன்னு நான் சொன்னது உங்களை.”