வடக்குச் சுவர்

சாமியார் ஒரு பிடி மண்ணை அள்ளி ஹாவிஸ் மீது தூவினார். கோவிலின் வடக்குச் சுவரை ஒட்டிக் கட்டிய சின்ன அறை அது. தரையில் வெட்டிய குழிக்குள் அவள் கிடந்தாள், முகத்தைக் கறுப்புத் துணி மூடியிருந்தது.

வெளியே லிங்கன் நகரத்துக் கம்பளிக்காரர்கள் மண்டியிட்டு, இறந்தோருக்கான பூசையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். எம்மட் மட்டும் பாடவில்லை. தாயில்லாத வீட்டில் அவளுக்கிருந்த ஒரே துணை இந்தத் தங்கைதான்.

"வீட்டுல இருந்தப்போ ஒரு நூல் ஒழுங்கா நூத்ததில்ல. இப்போ பாரு, ஊரே அவளுக்கு மண்டி போடுது" என்று முணுமுணுத்தாள் பக்கத்து வீட்டு மாட்.

"வாயை மூடு மாட். இங்க வந்துமா?"

"உள்ளதைத்தானே சொன்னேன்? பொம்பளைக்கு எதுக்குடி எழுத்தும் கிழுத்தும்? உங்கப்பன் கொளுத்தினது தப்பே இல்ல."

ஹாவிஸ் வருஷக்கணக்கில் எழுதி வைத்ததை எல்லாம் அப்பா கில்பர்ட் ஒரே மாலையில் அடுப்பில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அது இங்கே வந்து முடிந்தது.

"என் பொண்ணு புனிதவதி! கடவுளே வேணும்னு எடுத்துக்கிட்டார்" என்று அப்பா பார்த்தவரிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினார். அந்தக் கண்ணீர் மகளுக்காகவா, ஊருக்காகவா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

"இன்னையோட இவ உங்க மக இல்ல, கில்பர்ட்" என்றார் சாமியார். "செத்தவ மேல தகப்பனுக்கு எந்த உரிமையும் கிடையாது. இனி இவ ஆண்டவரோட சொத்து."

கொத்தன் ஹாப் கல் வைத்து வாசலை அடைத்தான். ஆயரின் உத்தரவுப்படி, தெருப் பக்கம் சாண் அகலத்துக்கு ஒரு திறப்பு மட்டும் விட்டான்.

கூட்டம் பீர் குடிக்கக் கலைந்தது. அப்பா கூப்பிட்டும் எம்மட் போகவில்லை. வீட்டுக்குப் போய் இனி யாருடன் பேசுவது, யாருடன் சிரிப்பது? பொழுது சாயும்வரை நின்றவள், ஈரச் சுவரில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதாள்.

திறப்பு வழியாக ஒரு கை நீண்டு அவள் கன்னத்தைத் துடைத்தது.

எம்மட் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சாகுற வரைக்கும் வெளிய வர மாட்டேன்னு ஆயர்கிட்ட நீயா கேட்டுச் சத்தியம் பண்ணி, உயிரோட சமாதியாகிட்டியேடி பாவி! என்னைவிட உனக்கு ஜெபம் பெருசாப் போச்சா?"

கையெல்லாம் மை.

"மெதுவாப் பேசுக்கா. முதல் பக்கம் எழுதிட்டேன், படிக்கட்டுமா?"